நாற்பத்திரண்டாவது கை

கூட்டம் மூன்று மணிக்கு.
பாதை குருமண்வெளித் துறையில் காத்துக்கிடந்ததில்
ஆசிரியர் சங்கத்துக்காரர் வந்துசேர மூன்றே முக்கால்.
அதுவரை நாங்கள்
மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம்.

இடப்பக்கம் பெற்றார், வலப்பக்கம் ஆசிரியர்.
யாரும் பிரித்துவிடவில்லை,
அப்படித்தான் போய் இருந்தார்கள்.
நான் வாசலில் நின்றேன்.
எட்டாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.
அதே எட்டாம் ஆண்டில்
யன்னலோரம் இருப்பவள் என் மகள்.

அதிபர் வலயத்துக் கடிதத்தை வாசித்தார்.
தாளுக்கும் மைக்குமான காசு இனிப் பாதி.
தண்ணீர்க் கட்டணம் பாடசாலையே பார்த்துக்கொள்ளவும்.
கணிதத்துக்கு வரும் தொண்டர் ஆசிரியைக்கு
இந்த மாதத்தோடு சரி.
சிக்கனம் என்ற சொல் ஐந்து இடத்தில்.
கடிதம் மட்டும் நல்ல தடித்த தாளில்.

அபிவிருத்திச் சங்கச் செயலாளர் கிருபைராசா எழும்பினார்.
"தலைக்கு ஐந்நூறு போடுவம். மாதா மாதம்.
வேறென்ன வழி கிடக்கு?"

"எனக்கு மூண்டு தலை" என்றாள் இதயராணி.
பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள்.
பங்குனிக்குப் பிறகு அவளுக்குக் காசு வரவில்லை,
பருப்பும் நெத்தலியும் கடைக் கொப்பியில் கிடக்கின்றன.
"அரசாங்கம் எனக்குத் தரோணும்.
நான் பள்ளிக்கூடத்துக்குத் தரோணும்.
நடுவில என்னைத் தூக்கிப்போட்டு
நீங்க ரெண்டு பேரும் கணக்க முடியுங்க கா."

சிரித்தார்கள்.
மறுகா ஒருவரும் சிரிக்கவில்லை.

சங்கத்து நேசராசா சேர் பேசினார்:
"ஒருக்காக் குடுத்தால் அது உங்கட கடமை ஆகிரும்.
பிறகு அந்தக் காச ஒருத்தனும் கேக்கமாட்டான்.
புதன்கிழமை எங்களுக்கெல்லாம் சுகயீனம்."

பின்வரிசையில், மீன் செதில் ஒட்டிய கை ஒன்று உயர்ந்தது.
"சுகமில்லாட்டியும் உங்களுக்குச் சம்பளம், சேர்.
நான் தோணி இறக்காத நாள் எனக்கு ஆர் தாற?
மார்கழியில பொடியனுக்குச் சோதனை."

நேசராசா சேர் வாயெடுக்க
மின்விசிறி நின்றது.
கரண்ட் போகவில்லை.
அதிபர்தான் ஆளியைத் தட்டியிருந்தார்,
கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

எனக்கு இரண்டு பக்கமும் விளங்கியது,
அதுதான் கரைச்சல்.
கடன் கழித்து என் கைக்கு வரும் சம்பளம் எனக்குத் தெரியும்.
போன தவணைப் பரீட்சைக்குத் தாள் இல்லாமல்
கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினதும் நான்தான்.
யன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுத் தெறிக்க
ஏழாம் கேள்வியை மகள் பிழையாய்ப் பார்த்து எழுதினாள்.
பிழையான கேள்விக்குச் சரியான விடை.
சிவப்பு மையால் குறுக்கே கீறினேன்.
வீட்டில் அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குப் பிரேரணை:
காசு சேர்ப்பதில்லை,
சுகயீனம் எடுப்பதுமில்லை.
புதன்கிழமை பள்ளி விட்ட கையோடு
எல்லோருமாய் வலயக் கந்தோருக்கு.
நேசராசா சேருக்கும் முழுதாய்ப் பிடிக்கவில்லை,
கிருபைராசாவுக்கும் பிடிக்கவில்லை.

முதலில் பெற்றார் பக்கம் கை உயர்த்தச் சொன்னார்கள்: பதினெட்டு.
மறுகா ஆசிரியர்: ஒன்பது.
எதிர்த்துப் பதினைந்து.
வரவுப் புத்தகத்தில் நாற்பத்தொரு கையெழுத்து.
கிருபைராசா மூன்று தரம் கூட்டினார்,
விரலை மடக்கி, நிமிர்த்தி.
"ஒரு கை கூடுது."

இதயராணி கிறுகி என்னைப் பார்த்தாள்.
எல்லோரும் பார்த்தார்கள்.
பேனை கூட்டறிக்கைக்கு மேலே நின்றது.
"டீச்சர், எந்தக் கைய வெட்ட?"

"விடுங்க கா" என்றாள் இதயராணி.
"அவங்கதான் எல்லாத்தையும் குறைக்கிறாங்களே,
எங்கட பக்கம் ஒண்டு கூடத்தான் இருக்கட்டுமே."

செயலாளர் சட்டம் தெரிந்த மனிதர்.
நாற்பத்தொன்று என்றுதான் எழுதினார்.
என்னை எந்தப் பக்கத்தில் கழித்தார் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.
துறையில் பாதை வந்துவிட்டதாம்,
கதிரைகளை அடுக்கிவிட்டு ஓடினோம்.